சட்டைப்பையில் டீச்சர்

பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்ததிலிருந்து கத்தி படாமல் கிடந்த முகத்தைக் காளி அன்று காலையில்தான் வழித்துக்கொண்டான். பலா மரத்துக் கவட்டையில் உடைந்த கண்ணாடித் துண்டைச் செருகி வைத்து, கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு அவன் மழித்த அக்கறையைப் பார்த்தால் பெண் பார்க்கக் கிளம்புகிறவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தேன்மொழி அடுப்படியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பானையில் சாமை வெந்து தண்ணீர் சுண்டிக்கொண்டிருந்தது. கிளற வேண்டும். கை எழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன், கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினான். "பட்டன் ஒன்னு இல்ல தேனு. தச்சுக் குடுக்கறயா?" என்றான். ஐப்பசிக்குப் பிறகு அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. பிள்ளை போன புதிதில் சோறு வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் அதையும் கேட்கவில்லை. தேன்மொழி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இன்று அவர்கள் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் சந்துருவின் பேச்சைக் கேட்கப் போகிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சட்டை, இந்தச் சவரம் எல்லாம். அந்தப் பேச்சு அங்கே இல்லை என்பது தேன்மொழிக்கு மட்டும்தான் தெரியும்.

காளி கேரளத்துக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனபோது சந்துருவுக்குப் பேச்சென்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 'ம்மா' என்பான், 'இந்தா' என்பான், ஆட்டைக் கண்டால் 'ம்பே' என்பான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் நாக்குத் திரும்பவில்லையே என்று அவளுக்கு உள்ளூரக் கவலைகூட இருந்தது. காளி போய் அந்தக் கோடை முடிவதற்குள் எங்கிருந்தோ மடை திறந்துகொண்டது. காலையில் கண் விழிக்கும்போது ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டான். பலாப்பழத்தைத் தடவிப் பார்த்து, "இதுக்கு ஏன் முள்ளு? யாரு குத்துனா?" என்று கேட்பான். கோழியைத் துரத்திக்கொண்டு போய், "நீ பள்ளிக்கூடம் போவலயா?" என்று அதட்டுவான். மழை வந்தால் மழையோடு பேச்சு, அடுப்புப் புகைந்தால் புகையோடு பேச்சு. பக்கத்து வீட்டு முனியாயி, வம்புக்கென்றே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாயைக் கிளறுவாள். கடைசியில் அவளேதான் தோற்றுப்போய் எழுந்து போவாள். "வாயுள்ள புள்ள பொழச்சுக்கும் தேனு. நீ எதுக்கும் கவலப்படாத" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள்.

இதையெல்லாம் காளி கேட்டதே இல்லை. ஊருக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். தேன்மொழி பட்டன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறைக்குப் போவாள். அதுவரை வழியெல்லாம் வாய் ஓயாதவன், போனைக் காதில் வைத்ததும் ஊமையாகிவிடுவான். அந்தப் பக்கத்திலிருந்து காளி "சாப்டியாடா?" என்பான். இவன் தலையை ஆட்டுவான். "அப்பாவத் தேடுறியா?" அதற்கும் ஒரு தலையாட்டல். கையில் வைத்திருக்கிற கடுக்காயைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவான். "தலையாட்டறானா? தலையாட்டறானா?" என்று காளி அங்கிருந்தே கண்டுபிடித்துச் சிரிப்பான். "வுடு புள்ள, வந்து நேர்ல கேட்டுக்கறேன்" என்பான். பொங்கலுக்கு வந்துவிடுவதாக இருந்தான்.

ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் ஜன்னியாக மாறியபோது மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. புடவையில் தூளி கட்டி ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலைகூட இறங்கவில்லை. காளி வந்து சேர்ந்தபோது ஈர மண்மேடும் அதன்மேல் முள்ளும்தான் இருந்தன. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று ஊரே சொல்லியிருந்தது. பிழைக்கவில்லை.

மற்றவர்கள் அழுது ஓய்ந்த பிறகும் காளி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். "எப்பிடிப் பேசுவான்?" தேன்மொழி சொல்லிப் பார்ப்பாள். முள்ளைப் பற்றிக் கேட்டதைச் சொல்வாள், கோழியை அதட்டியதைச் சொல்வாள். ஆனால் அது அவள் குரலில்தான் வந்தது. அவன் முதல் சொல்லை இழுப்பதும், கேள்வியின் கடைசியில் மூச்சு வாங்குவதும் அவள் தொண்டைக்குள் இருந்தன, வெளியே வர மறுத்தன. முனியாயியின் மகன் டச் போனில் ஒரு தடவை பிள்ளையை வீடியோ எடுத்திருந்தான். போய்க் கேட்டபோது, போனில் இடம் பத்தவில்லை என்று எப்போதோ அழித்துவிட்டதாகச் சொல்லித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். யாரைக் குற்றம் சொல்வது? நாளைக்கும் இருக்கப் போகிறவன்தானே என்று எல்லோரும்தான் நினைத்தார்கள்.

அப்போதுதான் முனியாயி, துக்கம் கேட்க வந்த இடத்தில், அதைச் சொன்னாள். "ஏன் காளி, ஆடி மாசம் அந்தக் கீழ்நாட்டு டீச்சரம்மா வந்து புள்ள சட்டையில ஒரு பொட்டிய வச்சிட்டுப் போச்சே. காலையில இருந்து பொழுது எறங்கற வரைக்கும் அதுலதான இருந்துச்சு. அதுல அவன் கொரலு இருக்குமில்ல?" காளி உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்து நின்றான். அவன் முகத்தில் உயிர் வந்ததைத் தேன்மொழி பார்த்தாள். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

டீச்சர் என்று ஊரார் சொன்னாலும் பிரியதர்ஷினி டீச்சர் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பெண். படித்து முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு பெரிய மேடம் செய்கிற ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். படித்த பெண், கையில் பை, காலில் செருப்போடு மலையேறி வந்தால் ஊருக்கு அவள் டீச்சர்தான். அவள் விளக்கிச் சொன்னதில் குறையே இல்லை. "சின்னப் புள்ளைங்க காதுல வூட்ல எவ்வளவு பேச்சு விழுதுன்னு பாக்கறோங்கக்கா. நாம எவ்வளவுக்குப் பேசறமோ அவ்வளவுக்கு அவங்களுக்குப் பேச்சு நல்லா வரும். மலையில, கீழ, டவுன்ல, எல்லா எடத்துலயும் பாக்கறோம். எங்க கம்மியா இருக்கோ அங்க என்ன செய்யலாம்னு அப்பறம் சொல்லித் தருவோம். நீங்க எப்பவும் எப்பிடி இருப்பீங்களோ அப்பிடியே இருங்க." தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியையும், நெஞ்சுக்கு நேரே பை வைத்துத் தைத்த ஒரு நீலச் சட்டையையும் கொடுத்தாள். மறுநாள் பொழுது விடிந்ததும் பெட்டியில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டினாள். தேன்மொழி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆனால் அவள் காதில் விழுந்தது 'பாக்கறோம்' என்ற ஒரு சொல்தான். படித்தவர்கள் வந்து பார்ப்பதென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். எட்டாவது வரைக்கும் அவள் ஆஸ்டல் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெரிய ஆபீசர் பார்க்க வருகிற அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஒரு கையைக் கட்டிக்கொண்டு, மறு கை விரலை உதட்டில் வைத்து உட்கார வேண்டும். பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. ஒரு வருசம் அப்படி அசையாமல் உட்கார்ந்ததற்காகத் தேன்மொழிக்கு ஒரு பென்சில் கிடைத்தது. ரப்பர் வைத்த பென்சில். படிப்பில் அவளுக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். தன் பிள்ளையைப் பெங்களூரு மேடம் பார்க்கப் போகிறார் என்றால், அந்தப் பிள்ளை வாயாடி என்று பேர் வாங்கிவிடக் கூடாதல்லவா? தவிர, வீட்டில் அவள் பேசுகிற பேச்சும் ஒன்றும் சபைக்கு ஏறுகிற பேச்சில்லை. கோபம் வந்தால் ஆட்டையும் மாட்டையும் வைகிற வாயில் பிள்ளையையும் வைவாள். அதையெல்லாம் யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்து கேட்பதா?

ஆகவே அன்று விடிந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, நீலச் சட்டையை மாட்டினாள். பெட்டியை அமுக்கிப் பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினாள். பிறகு அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பைக்குள் டீச்சர் இருப்பதாகவும், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார் என்றும், பேசாமல் சமத்தாக இருந்தால் தேங்காய் பன் வாங்கித் தருவதாகவும் சொன்னாள். சந்துரு பையைக் குனிந்து பார்த்தான். அவனும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டான்.

அவன் அந்தப் பகல் பூராவும் அப்படி இருந்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நம்ப முடியவில்லை. வாய் திறக்க வரும்போதெல்லாம் அவள் கண்ணைக் காட்டுவாள். உடனே விரல் உதட்டுக்குப் போய்விடும். கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் சிரிக்கும். முனியாயி வாசலில் தலையைக் காட்டியபோது அவளையும் சைகை காட்டி அனுப்பிவிட்டாள். தேன்மொழியும் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. ஆட்டைக்கூட ஓசையில்லாமல்தான் ஓட்டினாள். மத்தியானம் பிள்ளை தூங்கிப்போனான். சாயங்காலம் பெட்டியை அணைத்ததும், அணை உடைந்த மாதிரி பேசித் தீர்த்தான். எம் புள்ள ஜெயிச்சிட்டான் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை. அடுத்த சந்தைக்குப் போனபோது சொன்னபடி தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பிரியதர்ஷினி துணியில் தைத்த படப் புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்தாள். அவளைக் கண்டதும் சந்துரு ஓடிப்போய் அம்மாவின் கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு உதட்டில் விரலை வைத்துக்கொண்டான். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து ஆட்டுப் படத்தைக் காட்டி, "இது என்ன, சொல்லு?" என்று கெஞ்சினாள். வாய் நிறைய பதிலை வைத்துக்கொண்டு அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ம்ஹூம். பிரியதர்ஷினி தேன்மொழியைத் தனியாக அழைத்து, மனம் நோகாதபடி சொன்னாள். "அன்னைக்கி வூட்ல பேச்சே இல்லைங்கக்கா. மெஷினு எடுத்த கணக்குல ரொம்ப ரொம்பக் கம்மி. அதனாலதான் தம்பியும் பேசாம இருக்கான். நீங்க வேல செய்யறப்ப அவங்கிட்டப் பேசிக்கிட்டே செய்ங்க. அவன் கை காட்டுனா அதோட பேரச் சொல்லுங்க. கேள்வி கேளுங்க, அவன் பதில் சொல்ற வரைக்கும் பொறுத்திருங்க. மார்கழியில இன்னொரு தடவ வந்து பாப்போம்." தேன்மொழிக்கு முகம் சுண்டிப்போனது. இல்லை டீச்சர், நான்தான் அப்படி இருக்கச் சொன்னேன் என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. தன் முட்டாள்தனம் ஊர் சிரிக்கும்படி ஆகுமே என்று வாயை மூடிக்கொண்டாள். மார்கழியில் அவனைப் பேச விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். டீச்சரின் தலை வளைவில் மறைந்ததுதான் தாமதம், சந்துரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டிடம் ஓடி, அதற்கு அதன் படத்தையே காட்டி, "இது யாரு? நீதான்!" என்று கத்தினான். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மார்கழியும் வந்தது. பிள்ளை இல்லை.

பிரியதர்ஷினி கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பரில் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லிக் காளி அதைக் கேட்டான். பதிவெல்லாம் பெங்களூரில் இருக்கிறது, பெற்றவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று முறை இருக்கிறது, மேடத்திடம் நானே கேட்டு வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அது வந்து சேரத் தை பிறந்துவிட்டது. அத்தனை நாளும் காளி ஆளே மாறிப்போனான். ஆட்டுக் கொட்டகைக்கு மூங்கில் வெட்டிக் கட்டினான். "ஒரு நாள் முழுசும்னா எவ்வளவு பேசியிருப்பான்! இல்ல?" என்று தானே கேட்டுத் தானே சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு அவள் எந்த வாயால் சொல்வாள்? சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை அவன் எதிரில் போய் நின்றாள். "என்ன தேனு?" என்பான். "ஒன்னுமில்ல" என்று திரும்பிவிடுவாள்.

பஸ்ஸில் அவன் சன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்து பொடிசாக ஒரு மெமரி கார்டை எடுத்துக் காட்டினான். "கடக்காரன் சொன்னான், இதுல எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கலாமாம். டெய்லி கேக்கலாம்." மலை ரோட்டின் வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. மண் சரிந்த இடத்தில் இப்போது புதுச் சுவர் கட்டியிருந்தார்கள். இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அன்னைக்கி என்னென்ன பேசுனான்? ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?"

"அன்னைக்கி அவ்வளவாப் பேசலைங்க."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல. டீச்சரு இருக்கறாங்கன்னு... வெக்கம்."

"எம் புள்ளைக்கா வெக்கம்?" என்று காளி வாய்விட்டுச் சிரித்தான். முன் சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். தேன்மொழி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரூரில் இறங்கி பஸ் மாறும்போது பேக்கரிக் கண்ணாடிக்குள் தேங்காய் பன் அடுக்கியிருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் காளியின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆபீஸ் என்றது உரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மருந்து நெடி படியேறி வந்து அறைக்குள்ளும் நின்றது. சுவரில் வாய் திறந்து சிரிக்கிற பிள்ளைகளின் படங்களை ஒட்டியிருந்தார்கள். அவர்கள் நுழைந்ததும் பிரியதர்ஷினி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தாள். இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். திரையில் நீளமாக ஒரு கோடு படுத்துக் கிடந்தது. சத்தம் பதிந்த இடங்களில் லேசாகப் புடைத்திருந்ததைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

"அண்ணா, முன்னாடியே ஒன்னு சொல்லிடறேன்" என்றாள். "நாங்க யாரும் இத ஒக்காந்து கேக்க மாட்டோம். மெஷினுதான் கணக்கெடுக்கும். இதுல பேச்சு ரொம்பக் கம்மிங்கண்ணா. நெறைய எதிர்பாத்து வந்திருப்பீங்க. சந்துரு பேசற புள்ள இல்லைன்னு உங்களுக்கே தெரியும்..."

"யாரு சொன்னா?" என்றான் காளி. கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டான். அவளைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

தேன்மொழி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். இங்கேயும் வாயை மூடிக்கொண்டால் அந்த ஆராய்ச்சிக் கணக்கில் அவள் பிள்ளை காலத்துக்கும் ஊமையாகத்தான் இருப்பான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "பேசுவான் டீச்சர்" என்றாள். "நல்லாப் பேசுவான். ஊர்ல யார வேணும்னாலும் கேளுங்க. உங்களக் கண்டா மட்டுந்தான் பேச மாட்டான்." பிரியதர்ஷினி எதையோ கேட்க வாயெடுத்தாள். தேன்மொழியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. காதில் வைக்கிற வயரை எடுத்து, ஒரு முனையைக் காளியிடமும் ஒரு முனையை அவளிடமும் கொடுத்தாள். குட்டை வயர். தலையோடு தலை ஒட்ட உட்கார வேண்டியிருந்தது. பிள்ளை போன பிறகு அவர்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

முதலில் துணி உரசுகிற சத்தம். அப்புறம் அவள் குரல், அவளுக்கே யாருடையதோ போல, மிக அருகில் கேட்டது. "சந்துரு, இங்க பாரு சாமி. இதுக்குள்ள டீச்சரு இருக்கறாங்க. நீ பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வாயத் தொறக்கப்படாது. என்ன? தொறந்தா டீச்சரு வைவாங்க. சமத்தா இருந்தா பன்னு." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "உஷ்... ஆமா. அப்பிடித்தான் இருக்கோணும்."

காளி அசையவில்லை. அவன் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தோள் கல்லாக இறுகிப்போனதை அவள் உணர்ந்தாள். அவன் இப்போது திரும்புவான், இப்போது கேட்பான் என்று மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவன் திரும்பவில்லை. காதில் ஒரு கோழி கொக்கரித்தது. ஆட்டுக்குட்டி கத்தியது. உலக்கை விழும் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது, அன்று அவள் சாமை குத்தினாள். அதற்கெல்லாம் நடுவில், விடாமல், மூச்சு. சளி பிடித்த மூக்கில் லேசாக விசிலடித்துக்கொண்டு போய் வருகிற சின்ன மூச்சு. அன்றைக்கு அவனுக்குச் சளி இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். பெற்றவளுக்கு இது மறக்குமா என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"கொஞ்சம் தள்ளி ஓட்டட்டுமாங்கண்ணா? இப்பிடியேதான் ரொம்ப நேரம் போகும்" என்றாள் பிரியதர்ஷினி.

"வேணாம்மா. ஓடட்டும்" என்றான் காளி.

பிரியதர்ஷினி மெல்ல வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். கீழே யாரோ மூட்டையை இறக்கிப் போட்டார்கள். காளி மறு காதைக் கையால் பொத்திக்கொண்டான். வெயில் சன்னல் கம்பியின் நிழலை மேசையில் நகர்த்திக்கொண்டே போனது. நடுவில் இரண்டு மூன்று தடவை அவள் 'உஷ்' என்பது கேட்டது. வேறு ஒரு சொல்லும் இல்லை. ஒரு நாள் பூராவும் தன் பிள்ளைக்கு அவள் கொடுத்தது அந்த உஷ் ஒன்றுதான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிறகு குடம் ஒன்று 'ணங்' என்று இடித்தது. தண்ணீருக்குப் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மூச்சு மட்டும் இருந்தது. பிறகு அந்த மூச்சு ஓடியது. சருகு மிதிபட்டது. வீட்டுக்குப் பின்னால், பலா மரத்தடியில்தான் அவ்வளவு சருகு கிடக்கும். ஓட்டம் நின்றது. துணி கசங்கியது. திடீரென்று மூச்சு பெரிதாகி, காதுக்குள்ளேயே வந்து நின்றது. அவன் மோவாயை நெஞ்சில் பதித்து, பைக்குள் குனிந்திருக்கிறான்.

"டீச்சரு" என்றான் சந்துரு. ரகசியமாகச் சொன்னான்.

காளியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"டீச்சரு. உள்ள இருட்டா இருக்குதா?"

பதிலுக்காகக் காத்திருக்கிற மூச்சு. மூக்கு ஒரு தடவை உறிஞ்சியது.

"பயப்படாத. நா இங்கதான் இருக்கறேன்." கொஞ்சம் யோசிக்கிறான். "நா பேசல. நீயும் பேசாத. அம்மா வையும்."

சின்ன விரல்கள் பையின்மேல் இரண்டு தடவை தட்டிக் கொடுத்தன. அந்தத் தட்டு இருவர் காதிலும் பெரிதாக விழுந்தது. பிறகு சருகு, ஓட்டம், தூரத்தில் தளும்பிக்கொண்டு வருகிற குடம், செருப்புச் சத்தம். மறுபடியும் பேச்சில்லை.

தேன்மொழிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இத்தனை மாதமாகப் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "நாந்தான்" என்றாள். "நாந்தாங்க அன்னைக்கி அவன..."

காளி அவள் பக்கம் திரும்பினான். மழித்த கன்னம் பூராவும் நனைந்திருந்தது. ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டின்மேல் வைத்தான். கன்னம் நடுங்கியது, விரல் அசையவில்லை. காதில் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.